தம்பிக்குத் தலையில அடி, ஸ்கேன் கிளியர்ங்குறாங்க, ஆனா பையன் இன்னும் சரியில்ல. சனிக்கிழமை ஆட விடலாமா?

செந்தூல்_அக்கா | திங்கள், இரவு 10:40

வணக்கம் எல்லாருக்கும். என் தம்பிக்கு 16 வயசு, ஃபாரம் 4, ஸ்கூல் ஃபுட்பால் டீம்ல டிஃபெண்டர். கார்னர் பந்துக்கு எகிறினப்போ எதிர் டீம் பையன் தலையும் இவன் தலையும் மோதிடுச்சு, இன்னையோட 9 நாள் ஆச்சு. மயக்கம் எதுவும் போடல, எழுந்து நின்னுட்டான், ஆனா கொஞ்ச நேரத்துல "நம்ம கோல் எந்தப் பக்கம்"னு பக்கத்துல நின்னவன்கிட்ட கேட்டிருக்கான். ராத்திரி ரெண்டு வாட்டி வாந்தி, பயந்துபோயி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம், சிடி ஸ்கேன் எடுத்தாங்க, ரத்தக்கசிவு இல்ல எலும்பும் உடையலன்னு சொல்லி பேப்பர்ல "கெகாரான் ஓத்தாக்"னு (மலாய்ல மூளை அதிர்வு) எழுதி பனடோல் மாத்திரையும் 3 நாள் எம்சியும் (மெடிக்கல் லீவு) குடுத்து அனுப்பிட்டாங்க.

எம்சி முடிஞ்சு ஸ்கூலுக்குப் போனான். ரெண்டாவது பாடத்துலயே தலைவலி. போர்டுல எழுதுறத பார்த்து எழுத முடியலங்குறான். சாயங்காலம் வந்து படுத்தா ராத்திரிதான் எழுந்திரிக்கிறான், நேத்து பக்கத்து கோயில்ல உறுமி அடிச்சதுக்குக் காதப் பொத்திக்கிட்டு அழுதுட்டான், அவன் அழுது நான் பார்த்து வருஷக்கணக்கு ஆச்சு.

இப்ப பிரச்சனை என்னன்னா இந்த சனிக்கிழமை செமி ஃபைனல். கோச் "ஸ்கேன்தான் கிளியர் ஆச்சே"ங்குறாரு. அப்பாவும் அதேதான். தம்பியும் ஆடியே ஆகணும்னு நிக்கிறான். எனக்கு மட்டும்தான் மனசு ஒப்பல. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னா ஏன் பையன் இப்படி இருக்கான்?

நைட்_டியூட்டி | திங்கள், இரவு 11:12

தங்கச்சி, நான் இங்க கோலாலம்பூர்ல எமர்ஜென்சி நர்ஸ், 11 வருஷ சர்வீஸ். அவசரமானத முதல்ல சொல்லிடுறேன். தலைவலி குறையாம ஏறிக்கிட்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் ஒரு பக்கம் மரத்துப்போனாலோ, கண்மணி ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னதா தெரிஞ்சாலோ, வலிப்பு வந்தாலோ, மூக்குலயோ காதுலயோ தண்ணி மாதிரி வடிஞ்சாலோ, எழுப்பி எழுப்பி எழுந்திரிக்கலன்னாலோ உடனே 999. காலைல பார்க்கலாம்னு வைக்காதீங்க. தூங்குறான்னு மட்டும் பயப்படாதீங்க, டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பின பிள்ளைய மணிக்கு ஒரு தரம் எழுப்ப வேண்டியதில்ல, தூக்கம் அவனுக்கு வேணும்.

சனிக்கிழமை ஆட்டம் கண்டிப்பா வேணாம். தலைவலி இருக்குற பையன திடல்ல இறக்கக்கூடாது, இதுல பேச்சுக்கே இடமில்ல.

கெப்போங்_ஸ்டாப்பர் | திங்கள், இரவு 11:48

தப்பா எடுத்துக்காதம்மா, நான் 80கள்ல ஸ்டாப்பரா, அதான் நடு டிஃபெண்டரா ஆடினவன். மழையில ஊறின தோல் பந்து கல்லு மாதிரி வரும், அத தலையால தள்ளிட்டு கொஞ்ச நேரம் கண்ணுல பூச்சி பறக்கும், அப்புறம் திரும்ப ஓடுவோம். எங்கள யாரும் ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போகல, நல்லாத்தான் இருக்கோம். பையன் ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்துட்டான், டாக்டரும் கிளியர் பண்ணிட்டாரு. ரொம்பப் பொத்திப் பொத்தி வச்சா அவனே தனக்கு ஏதோ பெரிய வியாதின்னு நினைச்சுக்குவான்.

பட்டர்வொர்த்_பிசியோ | செவ்வாய், காலை 7:05

அண்ணே, டாக்டர் ஆட்டத்துக்குக் கிளியர் பண்ணல, ரத்தக்கசிவு இல்லன்னு மட்டும்தான் சொல்லியிருக்காரு. இந்த ரெண்டையும் நம்ம ஊர்ல போட்டுக் குழப்பிக்கிறோம், அதனாலதான் வேலைக்குப் போற நேரத்துல உக்காந்து நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

சிடி ஸ்கேன் காட்டுறது மண்டையோட்டையும் மூளையோட உருவத்தையும். உடைஞ்சிருக்கா, கசிஞ்சிருக்கா, வீங்கியிருக்கா, அவ்வளவுதான். கன்கஷன்ல, அதான் பேப்பர்ல எழுதின அந்த மூளை அதிர்வுல, கெட்டுப்போறது மூளை வேலை செய்யுற விதம், அது அந்தப் படத்துல வராது. மயக்கம் போடலங்குறதும் ஒண்ணும் பெரிய ஆறுதல் இல்ல, கன்கஷன் ஆன விளையாட்டுக்காரங்கள்ல பெரும்பாலானவங்க நினைவு தப்புறதே கிடையாது. "நம்ம கோல் எந்தப் பக்கம்"னு கேட்டான் பாருங்க, அந்த ஒரு கேள்வி போதும்.

உள்ள என்ன நடக்குதுன்னா, தலை சடார்னு ஆடி நிக்கும்போது மூளை செல்லோட சுவர் இழுபடுது, உள்ள இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளிய ஓடுது, வெளிய இருக்க வேண்டிய கால்சியம் உள்ள புகுது. அத பழையபடி ஒழுங்குபண்ண செல்லுல இருக்குற பம்ப் எல்லாம் ராப்பகலா ஓடணும், அதுக்குச் சக்தி வேணும், சர்க்கரை வேணும், அத கொண்டுவர்றது ரத்தம். ஆனா சரியா அதே நேரத்துல மூளைக்குப் போற ரத்த ஓட்டம் குறைஞ்சிடுது. கல்யாண வீட்டுல பந்திக்கு மேல பந்தி உக்காருது, எல்லா அடுப்பும் எரியணும், அன்னைக்குன்னு பார்த்து கேஸ் தோங் (சிலிண்டர்) தீர்ந்துக்கிட்டு வருது, அந்த நிலைமைதான். 2001ல கலிஃபோர்னியாவுல கிஸா, ஹோவ்டான்னு ரெண்டு பேர் இத கோர்வையா எழுதினாங்க, இன்னைக்கும் கன்கஷன் படிக்கிறவங்க அங்கிருந்துதான் தொடங்குறாங்க.

மூளை உடம்பு எடையில 2 சதவீதம்தான், ஆனா உடம்பு செலவழிக்கிற சக்தியில சுமார் 20 சதவீதம் அதுக்கே போகுது. 100 கிராம் மூளைக்கு நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 50 மில்லி ரத்தம் போகணும். தனக்குன்னு சேர்த்து வச்சுக்க அதுக்கு இடம் கிடையாது, அன்னாடங்காச்சி. அதனாலதான் கொஞ்சம் குறைஞ்சாலும் தம்பிக்கு ரெண்டாவது பாடத்துலயே தலைவலி வருது.

இப்ப அண்ணனுக்கு. எம்ஆர்ஐல மருந்து ஊசி எதுவும் போடாம ரத்த ஓட்டத்தையே அளக்குற முறை ஒண்ணு இருக்கு. 2016ல அமெரிக்க ஃபுட்பால் ஆடுற பசங்கள அடிபட்ட 24 மணி நேரத்துலயும் திரும்ப 8வது நாளும் அப்படி அளந்து பார்த்தாங்க. 8வது நாள் தலைவலி போச்சு, ஞாபகம் சரியாச்சு, பசங்க ரெடின்னு நிக்கிறாங்க. ரத்த ஓட்டம் மட்டும் குறைஞ்சே இருந்துச்சு. வலி போன அப்புறமும் குறைஞ்சிருக்குன்னா, தம்பிக்கு 9 நாள் ஆகியும் வலியே போகல, யோசிச்சுப் பாருங்க. எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லலங்குறதையும் சொல்லிடுறேன், சில இடங்கள்ல ரத்த ஓட்டம் கூடினதாவும் வந்திருக்கு. ஆனா உடம்பு நல்லாயிடுச்சுங்குற நினைப்பு முந்துது, மூளை பின்னாலதான் வருதுங்குறது திரும்பத் திரும்பத் தெரிய வந்த விஷயம்.

செந்தூல்_அக்கா | செவ்வாய், மதியம் 1:20

ரொம்ப நன்றி. லஞ்ச் நேரத்துல ரெண்டு தரம் படிச்சேன். அப்பாவுக்குப் புரியுற மாதிரி சொல்லணும், அந்த கேஸ் தோங் கதையதான் சொல்லப்போறேன். இன்னொரு சந்தேகம், அம்மா அவன ரூம்ல அடைச்சு, கர்ட்டன் எல்லாம் இழுத்துவிட்டு, ஃபோனையும் பிடுங்கி வச்சிருக்காங்க, நெத்தியில கோடாலித் தைலம் தேய்ச்சுக்கிட்டே இருக்காங்க. முழு ரெஸ்ட் எடுத்தா சீக்கிரம் சரியாகும்தானே?

பட்டர்வொர்த்_பிசியோ | செவ்வாய், இரவு 9:30

அம்மா செஞ்சது முதல் ரெண்டு நாளுக்கு சரி. ஃபோன பிடுங்குனதும் நல்லதுதான், 2021ல வந்த ஒரு ஆய்வுல முதல் 48 மணி நேரம் ஸ்கிரீனே பார்க்காதவங்களுக்கு தொந்தரவு ஏறக்குறைய மூணரை நாள்ல அடங்குச்சு, பார்த்தவங்களுக்கு 8 நாள் ஆச்சு. ஆனா 10 நாளா இருட்டு ரூம்ல படுத்திருந்தா குணமாகுறது தள்ளிப்போகும், பையன் மனசும் விட்டுப்போகும். 2022 அக்டோபர்ல ஆம்ஸ்டர்டாம்ல உலகம் முழுக்க இருக்குற கன்கஷன் நிபுணர்கள் கூடிப் பேசினாங்க, வலி முழுசா போற வரைக்கும் கட்டில்ல கிடன்னு சொல்றது உதவாதுன்னு தெளிவா எழுதியிருக்காங்க. 24ல இருந்து 48 மணி நேரம் அடக்கமா இருக்கணும், அப்புறம் மெதுவா நடக்க ஆரம்பிக்கணும்.

ஏன்னு கேட்டா அதுவும் ரத்த ஓட்டக் கதைதான். மூளையில இருக்குற ரத்தக்குழாய் ரத்தத்துல கார்பன் டைஆக்சைடு கூடினா விரியும், குறைஞ்சா சுருங்கும். ரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் மூளைக்குப் போற அளவு மாறாம பார்த்துக்குற பழக்கமும் அதுக்கு இருக்கு. அடிபட்ட அப்புறம் இந்த ரெண்டு கணக்கும் தடுமாறுது, அதான் தம்பி படியேறினா, சட்டுன்னு எழுந்தா தலை சுத்தும். அளவான நடை, சைக்கிள் இந்தக் கணக்க திரும்பப் பழக்குதுன்னு எடுத்துக்கலாம். பஃபலோ பல்கலைக்கழகத்துல லெடிங்குற டாக்டர் குழு 13ல இருந்து 18 வயசுப் பிள்ளைங்க 103 பேர ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கம் தினமும் 20 நிமிஷம் மூச்சு வாங்குற உடற்பயிற்சி, இன்னொரு பக்கம் கை கால் நீட்டுற பயிற்சி மட்டும்னு குடுத்தாங்க. முதல் பக்கம் 13 நாள்ல தேறினாங்க, அடுத்த பக்கம் 17 நாள். 2019ல வந்தது.

அதுக்குன்னு அவன ஓட விட்டுடாதீங்க. முதல்ல எந்த இதயத்துடிப்புல தலைவலி கூடுதுன்னு ட்ரெட்மில்ல டாக்டரோ பிசியோவோ பார்க்கணும். 150ல வலி கூடுச்சுன்னு வைங்க, அதுல 80 சதவீதம், அதாவது 120க்கு மேல போகாம தினம் 20 நிமிஷம். நம்ம ஊர் வெயில்ல மதியம் நடந்தா அதுவே தலைய சுத்தும், காலைல 7 மணிக்கு போங்க. கழுத்தையும் யாராவது பார்க்கணும், தலை அடிபடும்போது கழுத்தும் சுளுக்கியிருக்கும், நாள்பட்ட தலைவலியில பாதி அங்கேருந்து வர்றத நான் தினமும் பார்க்குறேன்.

மலர்_செராஸ் | புதன், காலை 10:15

அக்கா, எனக்கு மோட்டார் சைக்கிள்ல இருந்து விழுந்து ஆனது இது. ஹெல்மெட் போட்டிருந்தேன், கீறல்கூட இல்ல. வெளிய காயம் இல்லாததால யாருமே நம்பல, ஆஃபீஸ்ல "நல்லாத்தானே இருக்கே"ன்னாங்க, எக்செல் ஷீட்ட பார்த்தா எண்ணெல்லாம் நீந்தும், சூப்பர்மார்க்கெட் வெளிச்சத்துல நின்னா குமட்டும், ஒரு நாள் ஜாமெக் ஸ்டேஷன்ல ட்ரெயின் மாறுறப்போ எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம அப்படியே உக்காந்துட்டேன். எனக்கு 5 மாசம் ஆச்சு. உங்க தம்பி அழுதான்னு படிச்சதும் எனக்குத் தொண்டைய அடைச்சுடுச்சு. அவன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, நீ நடிக்கல, உனக்கு நிஜமாவே அடிபட்டிருக்குன்னு. எனக்கு அத முதல்ல சொன்னது ஒரு கண் பயிற்சி தெரப்பிஸ்ட், அன்னைக்கு ராத்திரிதான் நிம்மதியா தூங்கினேன்.

ஸ்கூல்ல பேசுங்க. அரை நாள் மட்டும் போகட்டும், நோட்ஸ் யாராவது எழுதிக் குடுக்கட்டும், டெஸ்ட்ட தள்ளி வைக்கச் சொல்லுங்க. பாடம் முழுசா தாங்குற வரைக்கும் பந்தப் பத்திப் பேச்சே வேணாம்.

திடல்_கோச் | புதன், மாலை 6:50

நானும் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் பசங்களுக்குக் கோச்சிங் குடுக்குறவன், அதனால அந்தக் கோச்ச முழுசா திட்ட மனசு வரல, நமக்கு யாரும் இத சொல்லிக் குடுக்கல, 11 பேர் தேறுறதே கஷ்டம். ஆனா எனக்கு ஒரு டாக்டர் 'செகண்ட் இம்பாக்ட்'னு ஒண்ண விளக்கினாரு, அதுக்கப்புறம் நான் மாறிட்டேன். முதல் அடி ஆறாம இருக்கும்போது ரெண்டாவது அடி, அதுவும் சின்ன அடிதான், பட்டா மூளை ரத்தக்குழாய் கட்டுப்பாட்ட விட்டுட்டு ரத்தம் உள்ள பாஞ்சு மூளை நிமிஷக்கணக்குல வீங்கிடலாம். 1984ல அமெரிக்காவுல அமெரிக்க ஃபுட்பால் ஆடின 19 வயசு காலேஜ் பையன் ஒருத்தன் அப்படிப் போயிட்டான்னு டாக்டருங்க எழுதி வச்சதுல இருந்துதான் அந்தப் பேரு பரவுச்சு. ரொம்ப ரொம்ப அபூர்வம், ஏன் நடக்குதுங்குறதுல டாக்டருங்களுக்குள்ளயே வாதம் இருக்கு, ஆனா எழுதப்பட்டதுல பெரும்பாலும் இளவயசுப் பசங்க. ஒரு செமி ஃபைனலுக்காக அந்த அபூர்வத்தோட சூதாட என்னால முடியாது.

ரக்பில கிளப் லெவல்ல ஆடுறவங்களுக்கு குறைஞ்சது 21 நாள் ஆட்டம் கிடையாதுன்னு வேர்ல்ட் ரக்பி சொல்லுது. ஃபுட்பால்லயும் 2024 ஜூலைல இருந்து கன்கஷனுக்குத் தனி மாற்று ஆட்டக்காரர போட்டி நடத்துறவங்க அனுமதிக்கலாம்னு விதியிலயே வந்துடுச்சு. அந்தக் கோச்சுகிட்ட சண்டையா போகாதீங்க, இத காட்டிப் பேசுங்க.

ஆயர்_ஈத்தாம்_மாமா | புதன், இரவு 8:25

பிள்ளைங்களா, நான் பினாங்கு, தக்ராவ் ஆடினவன், கைபடாம காலாலயும் தலையாலயும் பந்த வலைக்கு மேல அடிக்கிற ஆட்டம். வலை கட்டி ஆடுற இந்த ஆட்டம் 1945ல எங்க பினாங்குல பிறந்ததுன்னு நாங்க பெருமையா சொல்லிக்குவோம். ஆம்பளைங்க பந்து 170ல இருந்து 180 கிராம்தான், ஃபுட்பால் 410ல இருந்து 450 கிராம் இருக்கும். எடை கம்மின்னு நாங்க பிராக்டிஸ்ல நெத்தியால நூறு நூறா அடிப்போம், அது நெத்திக்கு வர்ற வேகம் எனக்குத்தான் தெரியும். இப்ப பேரன் ஆடுறான். மயக்கம் இல்ல, வாந்தி இல்ல, தினமும் சின்னச் சின்னதா தட்டுறது மட்டும்தான். அதுவும் கணக்குல வருமா?

பட்டர்வொர்த்_பிசியோ | புதன், இரவு 10:10

வரும் மாமா. தலைவலி வராத அடியும் மூளைய ஆட்டத்தான் செய்யுது, வருஷக்கணக்கா சேருறதுதான் பயம். ஃபுட்பால்ல இதுக்குப் பெரிய கணக்கு இருக்கு. கிளாஸ்கோவுல 7,676 பழைய ப்ரொஃபெஷனல் ஆட்டக்காரங்களோட பதிவ 23,028 சாதாரண ஆளுங்களோட வச்சுப் பார்த்தாங்க, 2019ல வெளிவந்துச்சு. மறதி மாதிரி மூளை தேயுற வியாதிகளால இறந்தவங்க ஆட்டக்காரங்கள்ல சுமார் மூணரை மடங்கு. இதய நோயால இறந்தவங்க அவங்கள்ல குறைவு, விளையாட்டு குடுத்த நன்மை அது, அதையும் சேர்த்தே சொல்லணும். 2021ல அதே குழு ஆடின இடத்த வச்சுப் பிரிச்சுப் பார்த்தப்போ கோல்கீப்பர்களுக்கு ஆபத்து பெருசா கூடல, டிஃபெண்டர்களுக்குத்தான் ரொம்ப அதிகம், கிட்டத்தட்ட 5 மடங்கு. கோல்கீப்பர் தலையால அடிக்கிறதே அபூர்வம், டிஃபெண்டருக்கு அதுதான் பிழைப்பு.

2015ல அமெரிக்காவுல 10 வயசும் அதுக்குக் கீழயும் இருக்குற பிள்ளைங்க தலையால அடிக்கவே கூடாதுன்னு நிறுத்திட்டாங்க, 2021ல இங்கிலாந்துல பெரிய ஆட்டக்காரங்களுக்கே பிராக்டிஸ்ல வேகமான ஹெடர் வாரத்துக்கு 10 போதும்னு வழிகாட்டினாங்க. பேரன ஆட விடுங்க மாமா, ஆனா நூறு நூறா வேணாம், எண்ணி அடிக்கச் சொல்லுங்க. கழுத்துத் தசைக்குப் பயிற்சி குடுங்க. தட்டின அன்னைக்குத் தலை பாரமா இருக்குன்னு அவன் சொன்னா ஆட்டத்த நிறுத்துற பழக்கத்த வீட்டுலயே கொண்டுவாங்க.

ஆயர்_ஈத்தாம்_மாமா | வியாழன், காலை 6:40

எண்ணச் சொல்றேன். நன்றிப்பா.

கெப்போங்_ஸ்டாப்பர் | வியாழன், இரவு 11:30

நேத்துல இருந்து இத எழுதலாமா வேணாமான்னு இருந்தேன். டிஃபெண்டர் 5 மடங்குன்னு படிச்சதும் எனக்கு என் கூட ஆடின ரைட் பேக் (அவரும் டிஃபெண்டர்தான்) ஞாபகம் வந்துட்டாரு. என்னைவிட ரெண்டு வயசுதான் மூத்தவரு. இப்ப வீட்டுக்குப் போனா என்ன யாருன்னு கேட்குறாரு, அவங்க சம்சாரம் கதவ பூட்டிச் சாவிய முந்தானையில முடிஞ்சு வச்சிருக்காங்க, தனியா வெளிய போயிடுவாருன்னு. அது பந்தால வந்ததா வயசால வந்ததா, அந்த மனுஷன வச்சு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது, நானும் சொல்லல. ஆனா திங்கக்கிழமை நான் இங்க எழுதினத ஒரு பையனோட அப்பா படிச்சு, அந்தப் பெரியவரே சொல்லிட்டாரேன்னு பிள்ளைய இறக்கிவிட்டா அந்தப் பாவம் எனக்கு. அம்மா, உங்க தம்பிய ஆட விடாதீங்க. உங்கப்பாகிட்ட வேணும்னா நான் பேசுறேன்.

செந்தூல்_அக்கா | வெள்ளி, இரவு 9:15

அண்ணே, உங்க பதிவ அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் அவரே கோச்சுக்கு ஃபோன் பண்ணி நாளைக்குப் பையன் வரமாட்டான்னு சொல்லிட்டாரு. தம்பி என்கூட பேசல, கதவ அடைச்சுக்கிட்டான். பரவால்ல.

பக்கத்து கிளினிக் கெசிஹாத்தான்ல (கவர்மெண்ட் கிளினிக்) ஒரு ரிங்கிட் கட்டிப் பார்த்தோம், ஸ்போர்ட்ஸ் மெடிசினுக்கு லெட்டர் எழுதிக் குடுத்துட்டாங்க.

நைட்_டியூட்டி | வெள்ளி, இரவு 11:50

நல்ல முடிவு தங்கச்சி. தலைவலிக்குத் தினமும் மாத்திரை போட்டா அதுவே தலைவலிய இழுத்துக்கிட்டு வரும், அத டாக்டர்கிட்ட கேளுங்க.

செந்தூல்_அக்கா | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு, காலை 9:00

நிறைய பேர் தனியா மெசேஜ் பண்ணிக் கேட்டீங்க, மொத்தமா எழுதுறேன். டீம் செமில தோத்துட்டாங்க, அதுக்கும் தம்பி ரெண்டு நாள் என்னதான் குத்தம் சொன்னான். ட்ரெட்மில்ல ஏத்திப் பார்த்தாங்க, 142ல தலைவலி கூடுச்சு, அதனால 114க்குள்ள நடக்கச் சொன்னாங்க. அப்பா கைக்கடிகாரம் ஒண்ணு வாங்கிக் குடுத்து தினமும் காலைல தித்திவாங்சா ஏரிய அவன்கூட சேர்ந்து சுத்துறாரு, நாடித்துடிப்பு ஏறினா அவர்தான் முதல்ல "மெதுவா, மெதுவா"ங்குறாரு. பிசியோ அண்ணன் சொன்ன மாதிரி கழுத்துலயும் பிடிப்பு இருந்துச்சு, அதுக்கும் போறோம்.

முதல் வாரம் அரை நாள் ஸ்கூல், ரெண்டாவது வாரத்துல இருந்து முழு நாள். போன புதன் ராத்திரி கோயில்ல உறுமி அடிச்சாங்க, நான் போய் எட்டிப் பார்த்தேன், பையன் அசையாம கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தான்.

டாக்டர் 6 படி எழுதிக் குடுத்திருக்காரு, ஒவ்வொரு படிக்கும் குறைஞ்சது 24 மணி நேரம், வலி கூடினா ஒரு நாள் நிறுத்தி வச்சுட்டு அப்புறம் தொடரணும். இப்ப மூணாவதுல இருக்கான், தனியா ஓடுறது, பந்து உருட்டுறது, தலை அடிபடுற மாதிரி எதுவும் கிடையாது. நாலாவதுக்குப் போகணும்னா டாக்டர் பார்த்து எழுதிக் குடுக்கணும், அது வர்ற வியாழக்கிழமை. நேத்து சாயங்காலம் திடல் ஓரமா பந்த காலால தட்டிக்கிட்டு இருந்தப்போ ஒரு சின்னப் பையன் உயரமா தூக்கிப் போட்டுட்டான், இவன் எகிறப் போனவன் சட்டுன்னு ஒதுங்கி நெஞ்சுல வாங்கிக்கிட்டு என்ன திரும்பிப் பார்த்தான்.

மலர்_செராஸ் | ஞாயிறு, காலை 9:20

அக்கா, வியாழக்கிழமை டாக்டர் என்ன சொன்னாருன்னு மறக்காம எழுதுங்க. காத்துக்கிட்டு இருப்பேன்.